கேன் உப்பியிருந்தா திறக்காதீங்க! கிராஃப்ட் பீர் கேனுக்குள்ள என்னதான் நடக்குது?

ராத்திரி அரைச்ச இட்லி மாவை டப்பாவோட வாய் வரைக்கும் ஊத்தி, மூடியை இறுக்கி மூடிட்டுப் படுத்தா காலையில என்ன ஆகும்? மூடி ஒரு மூலையில், மாவு கிச்சன் மேடை முழுக்க. காஞ்சிபுரம் மே மாச வெயில்ல விடியுற வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம், நடுராத்திரியே பொங்கி வழிஞ்சிடும். அதே புளிப்பு வேலை, காத்து வெளியேற வழியே இல்லாத ஒரு மெல்லிய அலுமினிய கேனுக்குள்ள நடந்தா எப்படி இருக்கும்? கிராஃப்ட் பீர் கேன்களைப் பற்றி உலகம் முழுக்க ப்ரூவரிகள் கவலைப்படுற விஷயம் இதுதான்.

பெங்களூரு, கோவா, புதுச்சேரினு வீக்எண்ட் ட்ரிப் போறவங்க கையில இப்போ கலர்கலரா கிராஃப்ட் பீர் கேன்களைப் பார்க்க முடியுது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற இளைஞர்களுக்கு பெங்களூரு ஒரு ஹைவே தூரம்தான். டிசைன் அழகா இருக்கு, போட்டோவுக்கும் நல்லா இருக்கு. ஆனா உள்ளே இருக்கிறதை கோலா மாதிரி நினைச்சா தப்பாயிடும். அதை எப்படிப் பார்த்து வாங்கணும், எப்படி வைக்கணும், எப்போ தூக்கிப் போடணும்னு தெரிஞ்சுக்கலாம், வாங்க. (தமிழ்நாட்டில் மது வாங்கவும் குடிக்கவும் சட்டப்படி 21 வயசு ஆகியிருக்கணும். அதுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு இந்தக் கட்டுரை பொது அறிவு மட்டுமே!)

கிராஃப்ட் பீர்ல அப்படி என்ன வித்தியாசம்?

டாஸ்மாக்ல கிடைக்கிற வழக்கமான பீர்களில் பெரும்பாலானவை வடிகட்டி, பாஸ்ச்சுரைஸ் செய்யப்பட்டவை. பாட்டிலோ, கேனோ, அடைச்சு மூடின பிறகு சுமார் 60 டிகிரி வெந்நீர்த் தூறலுக்குள்ள அனுப்புவாங்க. உள்ளே மிச்சமிருக்கிற ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் அந்தச் சூட்டில் அடங்கிடும். அதனால அந்த பீர் மாசக்கணக்கில் பெரிய மாற்றம் இல்லாம இருக்கும்.

கிராஃப்ட் பீர் தயாரிக்கிற சின்ன ப்ரூவரிகளில் பலர் இந்த ரெண்டையும் செய்யறதில்லை. சூடு பண்ணினா ஹாப் வாசமும் பழ வாசமும் போயிடும்ங்கிறது ஒரு காரணம். அந்த மெஷினே ரொம்பக் காசுங்கிறது இன்னொரு காரணம். அதனால பல கிராஃப்ட் கேன்களுக்குள்ள ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கும். பாக்கெட் பால், வீட்டு மாவு, பழைய சோறு வரிசையில் வைக்க வேண்டிய பொருள் அது. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற வரைக்கும் சமத்தா இருக்கும், வெளியே வெச்சா வேலையைக் காட்ட ஆரம்பிச்சுடும்.

அப்புறம் ஏன் கேன்ல அடைக்கிறாங்க?

கேன் பீர் புதுசு இல்லை. 1935 ஜனவரி 24-ம் தேதி, அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் க்ரூகர் என்ற ப்ரூவரிதான் முதன்முதலா கேன் பீரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினிய கேன் 1959-ல் கூர்ஸ் கம்பெனி மூலமா வந்தது. ஆனாலும் 'கேன்னா மட்டமான பீர்'னு ஒரு எண்ணம் ரொம்ப காலம் இருந்துச்சு. 2002-ல் கொலராடோவின் ஆஸ்கர் ப்ளூஸ் என்ற குட்டி ப்ரூவரி தன்னோட கிராஃப்ட் பீரை கேன்ல அடைக்க ஆரம்பிச்ச பிறகுதான் மத்தவங்களும் அந்தப் பக்கம் திரும்பினாங்க. இந்தியாவிலும் கோவா, பெங்களூரு பிராண்டுகள் சில இப்போ கேன்ல வருது.

நியாயமா பார்த்தா கேன் நல்ல பாத்திரம்தான். வெளிச்சம் துளிகூட உள்ளே போகாது. பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் பீரை வெயில்ல வெச்சா, ஹாப்ல இருக்கிற பொருள் ஒளி பட்டு மாறி, கருகின ரப்பர் மாதிரி ஒரு நாத்தம் வரும். கேன்ல அந்தத் தொல்லை கிடையாது. கண்ணாடித் துண்டு பயமும் இல்லை, எடையும் கம்மி, சீக்கிரம் ஜில்லாகும். ஒழுங்கா அடைச்சாதான் இந்த நன்மை எல்லாம். அடைக்கிறதுல எங்கெங்கே தப்பு நடக்கும்னு பார்ப்போம்.

1. கோர்வை பிசகினா?

காஞ்சிப் பட்டுல உடலும் பார்டரும் தனித்தனி நாடா ஓட்டி, இழையோடு இழை கோர்த்துச் சேர்ப்பாங்க. புடவை நைஞ்சாலும் பார்டர் பிரியாதுனு நம்ம ஊர்ல பெருமையா சொல்றது அந்தக் கோர்வையை வெச்சுத்தான். கேன்லயும் அப்படி ஒரு இடம் இருக்கு. உடலும் மூடியும் வேற வேற துண்டுகள். மெஷின் ரெண்டு கட்டமா மடக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி போட்ட மாதிரி அழுத்தும். மூடியோட மூணு மடிப்பு, உடலோட ரெண்டு மடிப்புனு மொத்தம் அஞ்சு அடுக்கு உலோகம், நடுவில் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு. இதுக்குப் பேர் டபுள் சீம்.

கேனோட பக்கச்சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், ஒரு ஏ4 தாளோட தடிமன். அதனால சீமிங் மெஷின் கொஞ்சம் விலகினாலும் மடிப்பு சரியா விழாது. பெரிய ப்ரூவரிகளில் வேலை நடக்கும்போதே கேன்களை எடுத்து, சீமை வெட்டிப் பார்த்து, மைக்ரோமீட்டர்ல அளந்துட்டே இருப்பாங்க. நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன இடத்தில் இந்தச் சோதனை விட்டுப்போனா, கண்ணுக்குத் தெரியாத கசிவு உண்டாகும். வாயு வெளியே போகும், காத்து உள்ளே வரும். கடையில் இருக்கும்போதே பிசுபிசுன்னு ஒட்டுற கேன், எடை குறைஞ்ச கேன் எல்லாம் இதோட அடையாளம்.

2. ஆக்சிஜன் உள்ளே மாட்டிக்கிட்டா?

வெட்டின ஆப்பிள் பழுப்பாகிற மாதிரிதான் பீரும். ஆக்சிஜன் பட்டா ஹாப் வாசம் மங்கும், நிறம் கறுக்கும், நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வரும். இதனால உடம்புக்கு ஆபத்து எதுவும் இல்லை, கொடுத்த காசுதான் வீண்.

எவ்வளவு ஆக்சிஜன் ஜாஸ்தினு கேட்டீங்கன்னா ஆச்சர்யப்படுவீங்க. நல்ல ப்ரூவரிகள் நூறு கோடியில் 50 பங்குக்கும் கீழே வெச்சுக்கத்தான் பாடுபடுவாங்க. கேனோட வாய் பாட்டிலைவிட ரொம்ப அகலம். அதனால முதல்ல கார்பன் டை ஆக்ஸைடை ஊதி உள்ளே இருக்கிற காத்தை விரட்டணும். பீர் நிரம்பினதும் நுரை வாய் வரைக்கும் பொங்கி நிற்கணும், அந்த நுரை மேலயே மூடி விழணும். நுரைக்கும் மூடிக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் காத்து மாட்டிக்கும்.

3. கேனுக்குள்ள மறுபடியும் புளிச்சா?

உண்மையான ஆபத்து இதுதான். புளிப்பு முழுசா முடியாம அடைச்சாலோ, மாம்பழக் கூழ், பெர்ரி கூழ்னு சர்க்கரை உள்ள எதையாவது சேர்த்து அடைச்சாலோ, உயிரோட இருக்கிற ஈஸ்ட் அதைத் தின்ன ஆரம்பிக்கும். தின்னத் தின்ன கார்பன் டை ஆக்ஸைடு வரும். கணக்கு ரொம்ப சிம்பிள். சாதாரண பீர்ல ஒரு லிட்டருக்கு சுமார் 5 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கும். சர்க்கரை புளிச்சா அதோட எடையில் கிட்டத்தட்ட பாதி இந்த வாயுவா மாறும். அப்போ 500 மில்லி கேன்ல 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை மிச்சமிருந்து புளிச்சாலே உள்ளே இருக்கிற வாயு ரெண்டு மடங்காயிடும்.

பீர் கேன்களைப் பொதுவா 90 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை தாங்குற மாதிரி வடிவமைப்பாங்க. நம்ம கார் டயருக்கு அடிக்கிறது 32, 35 பி.எஸ்.ஐ.தான். பாஸ்ச்சுரைஸ் சூட்டைத் தாங்கத்தான் இவ்வளவு பலம். வாயு ரெண்டு மடங்காகி, அதோட வெயில் சூடும் சேர்ந்தா இந்தப் பலம் பத்தாது. முதல்ல குழிஞ்சிருக்கிற அடிப்பாகம் வெளியே தள்ளும், மூடி மேடாகும், அப்புறம் வெடிக்கும்.

இது கற்பனை இல்லை. 2020-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 450 நார்த் என்ற ப்ரூவரி, பழக்கூழ் கலந்த 'ஸ்லஷி' வகை கேன்களை வெடிக்கும் அபாயம் காரணமா திரும்பப் பெற்றது. 2016-ல் கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் ப்ரூவரிக்கு வேற மாதிரி சிக்கல். மத்த ஈஸ்ட் தொடாம விடுற மாவுச்சத்தையும் உடைச்சுத் தின்னும் 'டையாஸ்டாடிகஸ்' என்ற ஈஸ்ட் வகை உள்ளே புகுந்து, பீரைத் திரும்பப் பெற வேண்டியதாப் போச்சு. ஹாப் பூவைக் கடைசியில் நிறையச் சேர்க்கிற ஐ.பி.ஏ. வகைகளிலும், அந்தப் பூவில் இருக்கிற என்சைம்களால அடங்கின புளிப்பு மறுபடி தலைதூக்குறது உண்டு.

4. உள்பூச்சு என்ன ஆகும்?

பீர் நேரடியா அலுமினியத்தைத் தொடுறதில்லை. நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். இதில் ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, அரிப்பு. புளிப்பு ஜாஸ்தியான பழ பீர், உப்பு சேர்த்த கோஸே வகை எல்லாம் பூச்சில் சின்னக் கீறல் இருந்தாலும் உலோகத்தை அரிச்சு, ஊசிமுனை ஓட்டை போடும். கேன் பலமா நசுங்கினா பூச்சும் விரிசல் விடும்.

ரெண்டாவது, பி.பி.ஏ. கேன் பூச்சுகளில் ரொம்ப காலமா பயன்படுற எப்பாக்ஸிக்கு மூலப்பொருள் இது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பொருளை ஒரு மனுஷர் தினமும் எடுத்துக்கக்கூடிய அளவை முன்னாடி இருந்ததைவிட 20,000 மடங்கு குறைச்சது. அதைத் தொடர்ந்து 2025 ஜனவரியில், உணவைத் தொடும் பொருட்களில் பி.பி.ஏ.வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அமலுக்கு வந்தது. கம்பெனிகள் மாறிக்க அவகாசமும் கொடுத்திருக்காங்க. இது பீருக்கு மட்டும் உரிய பிரச்னை இல்லை, கூல்டிரிங்க்ஸ் கேனுக்கும் டின் உணவுக்கும் சேர்த்துத்தான். 'பி.பி.ஏ. இல்லாதது'னு போட்ட கேன் கிடைச்சா அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தியாவில் கேனுக்கு என்ன தரக்கட்டுப்பாடு?

2025 ஏப்ரல் 1 முதல் பானங்களுக்கான அலுமினிய கேன்களுக்கு பி.ஐ.எஸ். சான்று கட்டாயமாச்சு. தரம் உறுதியாகிறது நல்ல விஷயம். ஆனா இந்தியாவில் பீர் கேன் தயாரிக்கிற பெரிய கம்பெனிகள் ரொம்பச் சிலதான். அதில் ஒண்ணான பால் கம்பெனியோட ஆலை, சென்னைக்கு வடக்கே தடா பக்கத்தில் இருக்கிற ஸ்ரீசிட்டியில் இருக்கு. இங்கே தயாரிக்கிறது பத்தாது, வெளிநாட்டு கேன்களுக்குச் சான்று கிடைக்க நேரமாகும்னு சொல்லி, அந்த வருஷமே இந்திய ப்ரூவர்கள் சங்கம் மத்திய அரசிடம் தற்காலிகத் தளர்வு கேட்டுச்சு. வருஷத்துக்கு 12 முதல் 13 கோடி 500 மில்லி கேன்கள் பற்றாக்குறை ஆகும்னு அவங்க கணக்குச் சொன்னாங்க. நாட்டில் விற்கிற பீர்ல சுமார் 20 சதவிகிதம் கேன்ல போகுதாம். பற்றாக்குறைனு வந்தா மொத்தமா வாங்குற பெரிய கம்பெனிகளுக்குப் பின்னாடிதான் சின்ன ப்ரூவரிகள் வரிசையில் நிக்கணும்.

உள்ளே இருக்கிற பீருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மதுபான விதிகள் இருக்கு. 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிற இந்த விதிகளின்படி லேபிளில் ஆல்கஹால் அளவும், குடிப்பழக்க எச்சரிக்கையும் கட்டாயம் இருக்கணும். விஸ்கி, பிராந்தி மாதிரி 10 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதுக்குக் காலாவதி தேதி தேவையில்லை. பீருக்குத் தேவை. தேதி அழிஞ்சிருக்கிற பீரை வாங்க வேண்டாம்.

வெயில்தான் பெரிய வில்லன்

ப்ரூவர்கள் மத்தியில் '3-30-300' என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். இந்த மூணிலும் பீர் கெடுறது ஏறக்குறைய ஒரே அளவு. காஞ்சிபுரத்தில் கோடையில் 40 டிகிரி சாதாரணம். பூட்டின காருக்குள்ள 60-ஐத் தொடும். பத்து மாசம் தாங்க வேண்டியது, ஒரு லாங் வீக்எண்டிலேயே கிழடாயிடும். ஈஸ்ட் உயிரோட இருக்கிற கேன்னா, டிக்கியில் குண்டைக் கட்டிக்கிட்டு வர்ற கதைதான்.

இன்னொண்ணும் சொல்லணும். அனுமதி இல்லாம வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர்றது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன் கீழ் குற்றம். 'ரெண்டே ரெண்டு கேன்தானே ப்ரோ'னு செக்போஸ்ட்ல சொல்லித் தப்பிக்க முடியாது. பெங்களூரு பீரை பெங்களூருலயே முடிச்சுக்கிறதுதான் பீருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வாங்கும்போது 6 செக்

* மூடியும் அடியும்: அடிப்பாகம் உள்பக்கம் குழிஞ்சிருக்கணும். வெளியே தள்ளியிருந்தாலோ, மூடி மேடா இருந்தாலோ வாங்காதீங்க.
* நசுங்கல்: பக்கவாட்டில் லேசான நசுங்கல் பரவாயில்லை. மேல் விளிம்பிலோ அடி விளிம்பிலோ நசுங்கியிருந்தா வேண்டாம்.
* பிசுபிசுப்பு: கேன் ஒட்டுதா, அட்டைப்பெட்டியில் கறை இருக்கா? பக்கத்தில் ஏதோ ஒரு கேன் கசியுது.
* தேதி: தயாரிப்பு, காலாவதி ரெண்டும் பாருங்க. ஐ.பி.ஏ. வகைன்னா எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது.
* லேபிள்: 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், ஆல்கஹால் சதவிகிதம், தயாரிப்பாளர் முகவரி இருக்கணும்.
* இடம்: 'ஃப்ரிட்ஜில் வைக்கவும்'னு போட்ட கேன் கடையில் வெளி ஷெல்ஃபில் இருந்தா, அதைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யணும்?

வந்ததும் ஃப்ரிட்ஜில் வைங்க. சீக்கிரம் ஜில்லாகட்டும்னு ஃப்ரீசரில் வெச்சுட்டு மறந்துடாதீங்க. தண்ணி உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும், கேன் கிழிஞ்சுடும். ப்ரூ பப்பில் டேப்பிலிருந்து நேரடியா அடைச்சுத் தர்ற பெரிய கேன்னா, கணக்கு நாள்தான். ஜில்லுனு வெச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிச்சுடுங்க.

கேன் உப்பிடுச்சா? குலுக்காதீங்க, முகத்துக்கு நேரா வெச்சுத் திறக்காதீங்க, ஆணியால குத்திப் பார்க்காதீங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு, தடிமனான துணியில் சுத்தி எடுத்து, ஐஸ் தண்ணி இருக்கிற பக்கெட்டில் இறக்கி மூடிவைங்க. குளிர்ந்தா அழுத்தம் குறையும். குழந்தைகள் இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம்.

வாட்ஸ்அப்ல வந்துச்சே, அந்த எலி மேட்டர்?

'கேன் மேல எலி சிறுநீர், குடிச்சவர் மரணம்'ங்கிற ஃபார்வேர்டு உங்களுக்கும் வந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது உண்மை. ஆனா அதுக்கு ஈரம் வேணும், காய்ஞ்ச உலோகத்தில் ரொம்ப நேரம் தாங்காது. அதுக்காக அலட்சியமும் வேண்டாம். குடோன், லாரி, கடைனு பல கை மாறி வந்த பொருள். கூல்டிரிங்க்ஸா இருந்தாலும் மேல்பக்கத்தைக் கழுவித் துடைச்சுட்டு, டம்ளரில் ஊத்திக் குடிங்க. டம்ளரில் ஊத்தினா நிறம், நுரை, வாசம் மூணும் உடனே தெரிஞ்சிடும். அடங்காத நுரை, வினிகர் நெடி, எதிர்பாராத புளிப்பு இருந்தா சிங்க்ல ஊத்திடுங்க.

ஆல்கஹால் இல்லாத பீர் சேஃப்தானே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சாதாரண பீர்ல ஆல்கஹால், புளிப்பு, ஹாப்போட கசப்பு எல்லாம் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடாது. ஆல்கஹாலை எடுத்துட்டா அந்தக் காவல் பலவீனமாயிடும். 2023-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சப்போ, ஆல்கஹால் இல்லாத பீர்ல ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் வளர முடியும்னு தெரிஞ்சது. பெரிய கம்பெனி கேன்கள் பாஸ்ச்சுரைஸ் ஆகி வர்றதால பயம் குறைவு. 'ஹோம்மேட்', 'லைவ்', 'அன்ஃபில்டர்டு'னு போட்ட ஆல்கஹால் இல்லாத பானம்னா, அது பாஸ்ச்சுரைஸ் செஞ்சதானு கேட்டு வாங்குங்க.

புகார் சொல்லணும்னா?

கேனை உடனே தூக்கிப் போடாதீங்க. உப்பல், கசிவு, தேதி, பேட்ச் எண் எல்லாம் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. பில் இருந்தா புகார் வலுவா நிக்கும், அதனால பில் கேட்டு வாங்குற பழக்கம் முக்கியம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேட்ச் எண்ணைச் சொன்னா, அதே நாளில் அடைச்ச மத்த கேன்களையும் ப்ரூவரி தேடிப் பிடிக்க முடியும். உங்க ஒரு போட்டோ, எங்கேயோ யாரோ ஒருத்தர் கையில் வெடிக்க இருந்த கேனை நிறுத்தலாம்.

கடைசியா ஒரு வார்த்தை. சீம், ஆக்சிஜன், பூச்சு எல்லாம் பக்காவா இருந்தாலும் உள்ளே இருக்கிறது ஆல்கஹால்தான். பாதுகாப்பான அளவுனு எதுவும் இல்லைனு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிடுச்சு. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில். குடிக்காதவங்க இதைப் படிச்சதோட நிறுத்திக்கலாம். குடிக்கிறவங்க பைக் சாவியை ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துட்டு உட்காருங்க!